எழுத்து மட்டும்தான்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது எங்கள் தொடர்மாடி. அதன் மூன்றாம் மாடியில், கடல் பக்கத்து வீட்டில், உஷாந்தி என்ற பெண் தாய் தகப்பனுடன் வசிக்கிறாள். வயது இருபத்தொன்று. பம்பலப்பிட்டியில் ஒரு பல்வைத்தியரின் நிலையத்தில் வரவேற்பு மேசையில் வேலை. காலையில் வெளிர்நீலச் சீருடையுடன் படியிறங்குவாள்; மாலையில் படியேறுவாள். மின்தூக்கியைப் பாவிப்பதில்லை. அதற்குள் நிற்கிறவர்கள் ஏதாவது கேட்பார்கள்.

தொடர்மாடியில் அவளைக் குறிப்பிடுகிறவர்கள் பெயர் சொல்வதில்லை. "எழுத்துக் குழம்பின பிள்ளை" என்பார்கள். அந்தப் பேச்சோடு பல பிழைகளும் சேர்ந்துவிட்டன. அவள் வீட்டை விட்டு ஓடியவள் என்று ஒருவர் சொல்வார். மாப்பிள்ளை லண்டனில் வேறு பெண்ணோடு இருக்கிறார் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் உண்மையல்ல. நடந்ததைச் சரியாக எழுதிவைக்கலாமா என்று அவளிடமே கேட்டேன்.

"எழுதுங்கோ அங்கிள். ஆனா பாவம் எண்டு மட்டும் எழுதவேண்டாம்" என்றாள்.

தகப்பன் நாகேந்திரம் தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர். புறக்கோட்டையில் இரும்புச் சாமான் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்காளர். தாய் பத்மாவதி. ஒரே பிள்ளை உஷாந்தி, 2004ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிறந்தவள். பாடசாலை, வீடு, வெள்ளிக்கிழமையில் கோயில் என்று வளர்ந்தாள். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு எடுத்தாள். கொரோனா முடக்கம் தளர்ந்து தனியார் வகுப்புகள் மறுபடி திறந்தபோது, வீட்டுக்கு அண்மையில் கணக்கீட்டு வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். அந்த வகுப்புக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து 155ஆம் இலக்க பஸ்ஸில் வந்தவன்தான் றமேஷ். அவனுக்கும் அப்போது வயது பதினேழு.

2022ஆம் ஆண்டின் தொடக்கம் மின்வெட்டுக் காலம். வகுப்பின் நடுவே விளக்குகள் அணையும். பிள்ளைகள் கைப்பேசி வெளிச்சத்தில் எழுதுவார்கள். உஷாந்தியின் கைப்பேசியில் மின்னேற்றம் தீர்ந்திருந்த ஒரு நாள், பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு கை நீண்டு அவளுடைய கொப்பிமேல் வெளிச்சம் பிடித்தது.

"மேலே பிடிக்காதேயும். கண் கூசுது" என்றாள்.

"கண்ணு கூசுதா? அங்க ரெண்டு பக்கமும் சேரல. அதப் பாரு முதல்ல."

பார்த்தாள். ஐந்தொகை சேரவில்லைதான். வித்தியாசத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் பேனையைக் கடித்தாள்.

"தொங்கல் கணக்குல போடு. பிழை பிடிபடுற வரைக்கும் அங்கயே கெடக்கட்டும்" என்றான் அவன்.

அதன்பிறகு அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அதுதான். "நம்ம கேஸு தொங்கல் கணக்கு" என்பான் றமேஷ். பெற்றோருக்குத் தெரியாது, தெரிந்தால் எந்தப் பக்கத்தில் எழுதப்படும் என்று இருவருக்கும் தெரியாது. வகுப்பு முடிந்து மரைன் டிரைவில் சிறிது தூரம் நடப்பார்கள். அவன் இறால் வடை வாங்குவான். இறாலை அவளுக்குக் கொடுத்து வடையை அவன் தின்பான். அவளுடைய வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறி என்பதால், வெள்ளிக்கிழமைகளில் இரண்டையும் அவனே தின்றான்.

ஜூன் மாதத்தில் பெற்றோலும் இல்லை, எரிவாயுவும் இல்லை. மரைன் டிரைவில் சிலிண்டர்களை வரிசையாக அடுக்கிக் கயிற்றால் பிணைத்துவிட்டு ஆட்கள் வெயிலில் நிற்பார்கள். அந்த வரிசையில் பத்மாவதியும் ஒரு நாள் காலையிலிருந்து நின்றார். வீதியின் மறுபக்கத்தில் மகள் ஒரு பையனோடு சிரித்துக்கொண்டு போவதைக் கண்டார். கூப்பிடலாம், ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள். ஓடிப்போய்ப் பிடிக்கலாம், ஆனால் வரிசையை விட்டால் இடம் போய்விடும். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். அன்று எரிவாயுவும் வரவில்லை. வெறும் சிலிண்டரோடு வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார்.

நாகேந்திரத்தின் முதல் கேள்வி, "ஆற்ற பொடியன்?"

உஷாந்தி மறைக்கவில்லை. கொட்டாஞ்சேனை, பூர்வீகம் அட்டன் பக்கம், தகப்பன் பெயர் மாரிமுத்து.

"என்ன செய்யிறார்?"

"சலூன் வைச்சிருக்கிறார்."

"சலூனோ" என்றார் நாகேந்திரம். மகளின் கைப்பேசியை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

அடுத்த சனிக்கிழமை காலை அவர் கொட்டாஞ்சேனைக்குப் போனார். அங்கே நடந்ததை நாகேந்திரமே எனக்குச் சொல்லியிருக்கிறார். பின்னொரு நாள் நான் மாரிமுத்துவின் சலூனுக்குப் போனபோது அவரும் சொன்னார். இரண்டும் ஒத்திருந்தன.

ஜம்பட்டா வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் சலூன். இரண்டு கதிரை, நீளமான கண்ணாடி, ஒரு வானொலி. நாகேந்திரம் பேசத்தான் போனார். ஆனால் உள்ளே ஆட்கள் இருந்தார்கள். வாசலில் நின்று பேசவும் கூச்சம். வாங்கில் இருந்தார். முறை வந்ததும் கதிரையில் ஏறி இருந்துவிட்டார். மாரிமுத்து வெள்ளைத் துணியைக் கழுத்தில் சுற்றினார்.

"கட்டிங்கா சார், சேவிங்கா?"

"சேவ்."

ஒரு கன்னம் மழித்து முடிந்தது. மற்றக் கன்னத்தில் நுரை இருந்தது. அப்போதுதான் நாகேந்திரம் கண்ணாடியைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

"றமேஷ் உங்கட மகன்தானே?"

"ஆமாங்க. சாருக்குத் தெரியுமா?"

"என்ர மகளோட வகுப்பில படிக்கிறான். பின்னால திரியிறான். பதினேழு வயசில தொடங்கினது. குறைஞ்ச வயசுப் பிள்ளை எண்டு நான் பொலிசில ஒரு முறைப்பாடு குடுத்தால் அவன்ர உயர்தரச் சோதனையும் போகும், உங்கட கடையும் போகும்."

வாங்கில் இருந்தவர்கள் பத்திரிகையைத் தாழ்த்தினார்கள். மாரிமுத்துவின் கை கத்தியோடு நின்றது.

"அவனுக்கும் பதினேழுதாங்க" என்றார்.

"உங்களுக்கும் எங்களுக்கும் சரிவராது. அது உங்களுக்கே தெரியும்."

மாரிமுத்து சிறிது நேரம் கண்ணாடியைப் பார்த்தார். "தெரியுங்க" என்றார். பிறகு இரண்டு விரலால் நாகேந்திரத்தின் தாடையைத் தொட்டு, "கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்லி மற்றக் கன்னத்தையும் மழித்தார். அவசரப்படவில்லை. ஒரு கீறல் இல்லை. படிகாரம் தடவித் துடைத்துத் துணியை உதறினார். நாகேந்திரம் சட்டைப் பையில் கை வைத்தபோது, "வேணாங்க. பொலிசுக்கு மட்டும் போகாதீங்க. அவன நான் பாத்துக்கிறேன்" என்றார்.

"அந்த மனுசன்ர கையில கத்தி இருந்தது. நடுங்கினது என்ர கை" என்று நாகேந்திரம் என்னிடம் சொன்னார். அதைச் சொன்னது மூன்று வருடம் கழித்து.

அன்று மாலை மாரிமுத்து மகனை இடுப்புப்பட்டியால் அடித்தார். அதுவரை அவர் மகன்மேல் கை ஓங்கியதில்லை.

நாகேந்திரம் அத்தோடு நிற்கவில்லை. லண்டனில் அவருடைய பழைய நண்பர் ஒருவருக்கு மகன் இருந்தான்: சுகிர்தன், வயது இருபத்தொன்பது, பண்டசாலை ஒன்றில் வேலை. ஒரு கிழமைக்குள் சாதகம் போய்ப் பொருத்தம் வந்தது. ஓகஸ்ட் கடைசியில் அவனுக்கு இரண்டு கிழமை விடுமுறை. அதற்குள் எழுத்தை முடித்துவிடலாம் என்று பேசினார்கள்.

எழுத்து என்பது பதிவுத் திருமணம். எங்கள் குடும்பங்களில், மாப்பிள்ளை வெளிநாடு என்றால் முதலில் எழுத்து; அந்தச் சான்றிதழை வைத்து விசா அலுவல்; தாலி கட்டும் கலியாணம் பிறகு. அதற்கு விடுமுறையும் மண்டபமும் நல்ல நாளும் பொருந்தவேண்டும். அதுவரை பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். அவளைக் கலியாணம் முடித்தவள் என்று யாரும் சொல்வதில்லை. "எழுத்து முடிஞ்சுது, கலியாணம் இன்னும் இல்லை" என்றுதான் சொல்வார்கள். இந்த வித்தியாசம் சட்டத்துக்குத் தெரியாது.

உஷாந்தி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் பத்மாவதி கட்டிலில் வந்து இருந்தார்.

"பிள்ளை, அப்பா பொலிசுக்குப் போறன் எண்டு நிக்கிறார். நான்தான் மறிச்சு வைச்சிருக்கிறன். நீ எழுத்துக்கு ஓம் எண்டு சொன்னால் அவர் அந்தப் பொடியன்ர பக்கம் போகமாட்டார். வகுப்புக்கும் விடுவார். சோதனையை எடு."

"பிறகு?"

"பிறகு என்ன. எழுத்து மட்டும்தானே. அது பேப்பர் வேலை. தாலி கட்டுறதுக்கு இன்னும் ஒரு வருசம், ரெண்டு வருசம் கிடக்கு. அதுக்குள்ள எத்தினை நடக்கும்."

அவர் மகளை ஏமாற்றவில்லை. அதைத்தான் நம்பினார். நாகேந்திரமும் அப்படித்தான் நினைத்திருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

உஷாந்தி தோழி ஒருத்தியின் கைப்பேசியில் றமேஷுடன் கதைத்தாள். அவன் முதுகில் காயம் இன்னும் ஆறவில்லை. அவள் எழுத்தைப் பற்றிச் சொன்னதும், "தாலி ஏறாம என்ன கல்யாணம்?" என்றான். "கையெழுத்துதான. போட்டுட்டு வா. சோதனை முடியட்டும். அவன் தாலியோட வர்றதுக்குள்ள நம்ம ஏதாச்சும் பண்ணிருவோம்."

தடுப்பதற்கு ஒரு சந்தர்ப்பம் இருந்தது. எழுத்துக்கு முதல்நாள் சுகிர்தன் தன் தாயுடன் வீட்டுக்கு வந்தான். இருவரையும் கதைக்கச் சொல்லி பல்கனிக்கு அனுப்பினார்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்த கிறில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றான். சத்தம் குறைந்த ஆள். கீழே ரயில் போகும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டான்.

"நீர் விரும்பித்தானே ஓம் எண்டு சொன்னனீர்?"

"ஓம்."

"உமக்கு ஆரும் இருக்கினமோ? இருந்தால் சொல்லும். நான் பிழையா நினைக்கமாட்டன்."

திரைச்சீலைக்குப் பின்னால் தாயின் கால் தெரிந்தது. "இல்லை" என்றாள் உஷாந்தி.

மறுநாள் பதிவாளர் வீட்டுக்கே வந்தார். நாங்கள் சிலர் போயிருந்தோம். கதிரைகள் போதாமல் எங்கள் வீட்டிலிருந்தும் கொண்டுபோனார்கள். கேக், றோல்ஸ், மைலோ. உஷாந்தி ஊதா நிறச் சேலையில் இருந்தாள். பதிவாளர் கேட்ட கேள்விகளுக்குத் தலையாட்டி, காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள். மோதிரம் மாற்றினார்கள். பத்மாவதி வந்தவர்களுக்கெல்லாம், "எழுத்து மட்டும்தான், கலியாணத்துக்குப் பெரிசாச் சொல்லுவம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் சுகிர்தன் லண்டனுக்குத் திரும்பினான்.

அடுத்த வகுப்பில் றமேஷ் பின்வரிசையிலிருந்து, "மிஸிஸ் சுகிர்தன், அடிமட்டம் இருந்தா தாங்க" என்றான். அவள் அடிமட்டத்தால் அவனுடைய கையில் அடித்தாள். இருவரும் சிரித்தார்கள். நாகேந்திரத்தை வென்றுவிட்டதாக அன்று நினைத்ததாக உஷாந்தி சொன்னாள்.

பரீட்சை எழுதினார்கள். இருவருக்கும் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. றமேஷ் கைப்பேசி திருத்தும் கடை ஒன்றில் சேர்ந்தான். உஷாந்தி பல்வைத்தியரிடம் சேர்ந்தாள். கடைக்கும் நிலையத்துக்கும் இடையில் இரண்டு பஸ் தரிப்பிடம்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் காண்பார்கள். தாலி கட்டும் நாள் முதலில் 2023 ஆவணி என்றார்கள். சுகிர்தனின் வேலை ஒப்பந்தம் முடிந்து, புதிய வேலையில் சம்பளம் குறைந்ததால் அது தைக்குத் தள்ளிப்போனது; தையும் நடக்காமல் கழிந்தது. 2024 ஏப்ரலில், மனைவியைக் கூப்பிடுவதற்கு வேண்டிய வருமான எல்லையை அங்கே உயர்த்தினார்கள். சுகிர்தனின் சம்பளம் முந்திய எல்லையையே அரைகுறையாகத்தான் தொட்டிருந்தது. கிழமைக்கொரு தடவை வந்த அழைப்பு மாதத்துக்கொரு தடவை ஆனது. பிறகு பிறந்தநாள் வாழ்த்து மட்டும் வந்தது. நாகேந்திரம், "அவன் கூப்பிடுவான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இருவருக்கும் இருபது வயதாகிவிட்டது. இனி யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று கணக்குப் போட்டார்கள். மே மாதத்தில் ஒரு நாள், வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கொட்டாஞ்சேனையில் ஒரு விவாகப் பதிவாளரிடம் போனார்கள். றமேஷ் புதிய சேர்ட் போட்டிருந்தான். விலைச் சீட்டின் நூல் கழுத்தில் தொங்கியதை உஷாந்தி பஸ்ஸிலேயே பல்லால் கடித்து எடுத்தாள்.

பதிவாளர் வயதான மனிதர். வீட்டின் முன்னறையில் கந்தோர். பிறப்புச் சான்றிதழ்களையும் அடையாள அட்டைகளையும் வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் விவாகமாகாத ஆக்கள்தானே?"

"ஆமாங்க" என்றான் றமேஷ்.

உஷாந்தி ஒளிக்க நினைக்கவில்லை. ஒளிக்கவேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. "எனக்கு முந்தி ஒரு எழுத்து நடந்தது, சேர். ஆனா கலியாணம் நடக்கேல்லை. தாலி கட்டேல்லை."

பதிவாளர் பேனையை மூடினார்.

"எழுத்து எண்டால், பதிவாளர் வந்து கையெழுத்து வாங்கினவரோ?"

"ஓம்."

"பிறகு கோட்டில பிரிச்சதோ?"

"பிரிக்க என்ன இருக்கு? நாங்கள் சேரவே இல்லையே."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, நீங்க ரெண்டு வருசமாக் கலியாணம் முடிச்ச ஆள். தாலியைச் சட்டம் கேக்கிறதில்லை. கையெழுத்தைத்தான் கேக்கும். இப்ப நான் இதை எழுதினால் உங்களுக்கும் மறியற்சாலை, எனக்கும் மறியற்சாலை." அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார். றமேஷைப் பார்த்து, "தம்பி, இது இன்னொருத்தர்ர மனிசி. கூட்டிக்கொண்டு போய் வீட்டில விடும்" என்றார்.

வெளியில் வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றார்கள். இரண்டு 155 போய்விட்டன. ஏறவில்லை. "நீதானே சொன்னனீ, கையெழுத்துதானே எண்டு" என்றாள். றமேஷ் மூன்றாவது பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டான், தான் ஏறவில்லை.

அன்று மாலை அவள் தகப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லி எழுத்தைப் பிரிக்கக் கேட்டாள்.

"கோடு கச்சேரி ஏறி எங்கட மானத்தை விக்கச் சொல்லுறியோ?" என்றார் நாகேந்திரம்.

"அம்மா எழுத்து மட்டும்தான் எண்டு சொன்னவ. மட்டும்தான் எண்டால் பிரிக்கிறதும் லேசா இருக்கவேணும்தானே அப்பா."

அவர் எழும்பிப் பல்கனிக்குப் போனார்.

நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடையில் ஸமீமா என்ற சட்டத்தரணியிடம் உஷாந்தி தனியாகவே போனாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார்.

"மகள், நம்மட நாட்டுல ரெண்டு பேருக்கும் விருப்பமில்ல எண்டு செல்லிப் பிரிய ஏலா. ஆராவது ஒரு ஆள் பிழை செஞ்சிரிக்கோணும். அவர் ஒங்கள விட்டுட்டுப் போனதெண்டுதான் போடோணும். ஆனா நீங்க ஒரு நாளும் சேந்து இரிக்கவே இல்லையே. இல்லாத வீட்டை விட்டுட்டுப் போனார் எண்டு எப்பிடி நான் செல்லுறது?"

"அப்ப ஏலாதா?"

"ஏலும். இழுபடும். வெளிநாட்டுக்கு அழைப்பாணை போகோணும், அது திரும்பி வரோணும். இன்னொண்டு கேளுங்க. வழக்கு முடியிற வரைக்கும் அந்தப் பொடியனோட ஒங்கள ஒருத்தரும் காணப்படாது. அவங்கட பக்கம் ஆராச்சும் ஒரு போட்டோ எடுத்தாப் போதும், பிழை ஒங்கட தலையில வந்துடும். அதோட, அந்தப் பொடியன்ட பேரையும் வழக்குல இழுப்பாங்க."

அவள் சுகிர்தனுக்கு அழைத்தாள். அவன் உடனே எடுத்தான். நடந்ததை இம்முறை முழுவதும் சொன்னாள்.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றான்.

"அம்மா திரைச்சீலைக்குப் பின்னால நிண்டவ."

"என்ர அம்மாவும்தான் நிண்டவ" என்றான். "வழக்குப் போடும். நான் மறிக்கமாட்டன்."

மறிக்கவில்லை. ஆனால் முதல் அழைப்பாணை அவன் குடியிருந்து விலகிய பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. இரண்டாவது போய்ச் சேர்வதற்குள் ஒரு வருடம் கழிந்துவிட்டது.

அந்தக் காலம் முழுவதும் உஷாந்தியும் றமேஷும் ஒருவரையொருவர் சந்திக்கவில்லை. சட்டத்தரணி சொன்னதை உஷாந்தி ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். மதியச் சாப்பாட்டை நிலையத்தின் பின்னறையில், பல் அச்சுகள் அடுக்கிய அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள். பூட்டிய அலுமாரியும் பொலிஸ் மிரட்டலும் பிரிக்காதவர்களை இந்த வழக்குப் பிரித்தது.

2025 பெப்ரவரியில் மாரிமுத்து சலூனில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் உயிர் போய்விட்டது. செத்தவீட்டுக்கு உஷாந்தி போகவில்லை; போக முடியாது. நான் போனேன். நாகேந்திரமும் வந்தார். எனக்குச் சொல்லாமல் வந்தவர், என்னைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொண்டார். பெட்டியின் தலைமாட்டில் சிறிது நேரம் நின்று, தன் கன்னத்தைத் தடவிவிட்டு வெளியேறினார்.

அதன்பிறகு றமேஷின் தாய் விடவில்லை. "அந்தப் புள்ள மேல எனக்குக் கோவமில்ல. ஆனா இன்னொருத்தன் பொண்டாட்டிய எத்தன வருசத்துக்குடா பாத்துக்கிட்டு இருப்ப? ஒங்கப்பா பட்டது போதும்" என்றார். அட்டனிலிருந்து ஒரு பெண் பார்த்தார்கள். றமேஷ் ஜூலை மாதம் உஷாந்திக்கு அழைத்தான். வழக்குத் தொடங்கியபின் முதலாவது அழைப்பு அது.

"எவ்வளவு நாளாகும் உஷா?"

"தெரியாது. ஸமீமா மிஸ் கார்த்திகை எண்டு சொல்லுறா. தீர்ப்பு வந்தாலும் அது உறுதியாக இன்னும் மூண்டு மாசம் இருக்காம்."

"அம்மா ஆவணியில நாள் வச்சிருக்காங்க."

அவள் கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"நான்தான் சொன்னேன்" என்றான் அவன். "தாலி ஏறாம என்ன கல்யாணம்னு. நான்தான் சொன்னேன்."

"ஓம். நானும் அதைக் கேட்டு நடந்தனான்" என்றாள் உஷாந்தி.

அவ்வளவுதான் பேசினார்கள். ஆவணியில் றமேஷின் கலியாணம் கொட்டாஞ்சேனையில் நடந்தது. பதிவும் தாலியும் ஒரே நாளில்.

உஷாந்தியின் வழக்கு கார்த்திகையில் விசாரணைக்கு வந்தது. நாகேந்திரம் அன்று அரைநாள் விடுப்பு எடுத்து நீதிமன்றத்துக்கு வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார். அவள் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சாட்சி சொன்னாள். தீர்ப்பு அவள் பக்கம்; மூன்று மாதத்தில் அது உறுதியாகும். தகப்பனும் மகளும் ஒரே முச்சக்கரவண்டியில் வீட்டுக்கு வந்ததாகச் சொன்னாள்.

கடைசியாக ஒன்று. இது நான் நேரில் கண்டது.

இவ்வருடம் தைப்பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, அவர்களுடைய குளியலறைக் குழாய் கீழ்வீட்டுக்குள் ஒழுகுவதாக தொடர்மாடிச் சங்கத்துக்கு முறைப்பாடு வந்ததால், அதன் செயலாளரான நான் பார்க்கப் போயிருந்தேன். கூடத்தில் கலியாணத் தரகு செய்யும் பெண் ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நாகேந்திரம் மூலைக் கதிரையில் பத்திரிகையோடு இருந்தார். உள்ளறையில் உஷாந்தி மறுநாள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், கதவு திறந்திருந்தது.

"எழுத்து மட்டும்தான் அக்கா" என்று பத்மாவதி சொல்லிக்கொண்டிருந்தார். "தாலி ஏறேல்லை. ஒரு நாள்கூட ஒண்டா இருக்கேல்லை. பிள்ளை கலியாணம் முடிக்காத பிள்ளைதான்."

"அப்ப விவாகரத்து எண்டு சொல்லவேண்டாம். ஆக்கள் பயப்பிடுவினம்" என்றார் தரகர். "பிரான்சில ஒரு பொடியன் இருக்கு. முதல்ல எழுத்தை முடிச்சு வைப்பம், கலியாணத்தைப் பிறகு பார்ப்பம்."

உஷாந்தி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"அன்ரி, கலியாணம் முடிச்ச ஆள் எண்டு சொல்லுங்கோ."

"பிள்ளை, உள்ளுக்குப் போ" என்றார் பத்மாவதி.

"கோட்டில என்னைக் கேட்டவை, நீர் சுகிர்தன்ர மனைவியோ எண்டு. நான் சத்தியம் பண்ணி ஓம் எண்டு சொன்னனான். பிறகுதான் பிரிச்சுவிட்டவை. கலியாணம் இல்லாட்டி எதையம்மா பிரிச்சவை?" தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, நீங்களும் பக்கத்தில நிண்டனீங்கள். சொல்லுங்கோ."

நாகேந்திரம் பத்திரிகையை மடித்தார். மடித்ததை இன்னொருமுறை மடித்தார். ஒரு கையால் தன் கன்னத்தைத் தடவினார்.

"ஓம்" என்றார். "பிள்ளை கலியாணம் முடிச்சதுதான். நான்தான் முடிச்சு வைச்சனான்."

தரகர் தேநீரை முழுவதும் குடிக்காமல் கைப்பையை எடுத்தார். அவர் போனபின் பத்மாவதி, "இனி ஆர் இந்த வாசல் மிதிப்பினம்?" என்று கேட்டார். நான் குழாயைப் பார்க்கப் போனேன். ஒழுகியது உண்மைதான், மூட்டு தேய்ந்திருந்தது.

திரும்பி வரும்போது பத்மாவதி தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்தபடி அதே இடத்தில் இருந்தார். உள்ளறையில் உஷாந்தி சீருடையின் கழுத்துப்பட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.